வஞ்சிரத்தின் பக்கத்தில் ஒரு பகல்

தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எத்திராஜுக்கு நிறுத்த மனசு வராது. படகில் வலை இழுக்கும்போதும் பேசுவார், கரையில் மீன் பிரிக்கும்போதும் பேசுவார். ஆனால், "உன் தங்கச்சி இன்னா வேல பாக்குது?" என்று யாராவது நேராகக் கேட்டுவிட்டால் மட்டும் கொஞ்சம் திணறுவார். கண்டெய்னர், கரண்டு, குளிர், நம்பர் என்று கையை நாலு பக்கமும் ஆட்டிவிட்டுக் கடைசியில், "ஐஸ் பொட்டிக்கு ஜொரம் பாக்குறாம்பா" என்று முடிப்பார்.

அது பொய்யும் இல்லை. எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு. வெளிநாட்டுக்குப் போகும் இறாலும் மீனும் அங்கே குளிர்ப்பெட்டிகளுக்குள் உறைந்தபடி கப்பலுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மின்கேபிள், உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டும் சின்னத் திரை ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வரிசை வரிசையாக நடந்து, ஏணி ஏறி, அந்த எண்களைப் பார்த்து எழுத வேண்டும். நர்மதா பத்தாவது முடித்து, பத்தொன்பது வயதில் அங்கே கேபிள் இழுக்கப் போனாள். மூன்று வருஷம் கேபிள் மட்டும் இழுத்தாள். எழுதுகிறவர் லீவு போட்ட ஒரு நாளில் நோட்டைக் கையில் கொடுத்தார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. நோட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.

எத்திராஜ் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு பெட்டி மைனஸ் பதினெட்டில் நிற்க வேண்டும். பதினேழு புள்ளி எட்டு, அப்புறம் பதினேழு புள்ளி நாலு, அப்புறம் பதினேழு என்று நகர்ந்தது. எல்லாமே விதிக்குள் அடங்கின எண்கள். அலாரம் அடிக்கவில்லை. சூப்பர்வைசர், "எல்லாம் சரியாத்தான கீது, போம்மா" என்றார். நர்மதா போகவில்லை. "நம்பர் சரியா கீது சார். நடக்குற திசைதான் சரியில்ல" என்றாள். திறந்து பார்த்தால் வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறி சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு இரவு விட்டிருந்தால் பெட்டி நிறைய இறால் நாறிப்போயிருக்கும்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களில் முதல் ஆள் குமாரவேல். எத்திராஜின் படகுக் கூட்டாளி, திருவொற்றியூர்க் குப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர். "மாமு, அந்த விசிறிய நானே நாலு தபா கயட்டி மாட்டிட்டேன், போதும்" என்பார்.

எத்திராஜ் வீட்டு நாயின் பெயர் வஞ்சிரம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், படகுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த பெட்டைக் குட்டி. முதுகு வெள்ளிச் சாம்பல் நிறம், வயிறு வெளுப்பு. எத்திராஜின் மனைவி புஷ்பவல்லி தூக்கிப் பார்த்து, "அய்ய, வஞ்சிரத்துக்கு மயிரு மொளைச்சா மாரி கீது" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. புஷ்பவல்லிதான் அதற்குச் சோறு போடுவாள். தினமும் சாயங்காலம் ஒரு பழைய குண்டானில் அரிசி, மீன் தலை, துளி மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, முள் எடுத்து ஆற வைப்பாள். குண்டான் இறங்கும் சத்தம் கேட்டால் வஞ்சிரம் கடற்கரையின் அந்தக் கோடியில் இருந்தாலும் ஓடிவந்து நிற்கும்.

பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்பதால், மகளை இங்கே கூட்டிவராமல் புஷ்பவல்லியே அங்கே போனாள். போகும்போது, "நாய பட்டினி போட்டுடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எத்திராஜா பட்டினி போடுகிற ஆள்? அவருக்கு வந்த யோசனை வேறு. மனுஷனுக்கே கிடைக்காத மீன் தன் வலையில் விழுகிறது. ஐஸ்கூடப் படாத மீன், வலையிலிருந்து கழற்றும்போது துடிக்கிற மத்தி. அதைப் போய் வேகவைத்துக் கெடுப்பானேன்? காலையில் பதினைந்து, சாயங்காலம் பதினைந்து என்று எண்ணி, கழுவி, தலை எல்லாம் ஒரு பக்கமாகத் தட்டில் அடுக்கி வைத்தார். சோறு கீறு எதுவும் கிடையாது. தனக்கு மட்டும் கடையில் இட்லி வாங்கிக்கொண்டார். வஞ்சிரம் முதல் இரண்டு வாரம் தட்டை நக்கிப் பளபளவென்று ஆக்கியது. "கலெக்டரு வூட்டு நாய்கூட இத்த துன்னாது" என்று குமாரவேலிடம் பெருமையடித்தார் எத்திராஜ்.

நாலாவது வாரம் தட்டில் நாலு மீன் மிஞ்சியது. அப்புறம் பாதி மிஞ்சியது. ஆறாவது வாரம் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கூப்பிட்டால் ஓடிவரும் நாய், சுவரோரம் குவித்திருந்த பழைய வலைக்குப் பின்னால் போய்ப் படுத்தது. நடந்தால் பின்னங்கால் ஒன்றோடொன்று பின்னியது. தலை தொங்கியது. எத்திராஜுக்கு இது புரிந்துவிட்டது என்றே தோன்றியது. புஷ்பவல்லி இல்லாத ஏக்கம். அவள் வந்தால் சரியாகிவிடும்.

ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குமாரவேலின் பேத்தி பந்து எடுக்க வலைக்குப் பின்னால் கை நீட்டினாள். வஞ்சிரம் பல்லைக் காட்டி உறுமியது. வாயோரம் எச்சில் வழிந்தது. பிள்ளை அலறிக்கொண்டு ஓடியது. கடிக்கவில்லை. ஆனால் குமாரவேல் வீட்டுக்குள்ளேயிருந்து துடுப்போடு வந்துவிட்டார்.

"மாமு, இது வெறிதான். நடயப் பாரு, வாயப் பாரு. கொயந்தைங்க கீற எடம். இன்னா சொல்ற?"

"ஏக்கம்பா. அவ இல்லாம துன்ன மாட்டேங்குது."

"ஏக்கத்துக்கு எவனாவது பல்ல காட்டுவானா? உன் பொண்டாட்டி போயி நீயும்தான் இளைச்சிப்போன, என்னிய கடிச்சியா?"

எத்திராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. குமாரவேல் சொன்னதில் தப்பு இல்லை. அந்தச் சந்தில் மட்டும் ஏழு பிள்ளைகள். மாநகராட்சிக்குப் போன் போட்டார்கள். நாய் வண்டி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரும் என்றார்கள். அதுவரை கட்டி வையுங்கள், யாரும் கிட்டே போகாதீர்கள் என்றார்கள். எத்திராஜ் தலையை ஆட்டிவிட்டு, நீளக் கம்பில் சுருக்குப் போட்டு நாயை வலைக் குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டினார். பிறகு காலடிப்பேட்டையிலிருந்த நர்மதாவுக்குப் போன் செய்தார். உதவி கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நர்மதாவுக்கு வார விடுமுறை. காலை ஆறு மணிக்கு அவள் வாசலில் நின்றாள். கையில் ஒரு நோட்டு, ஒரு தூக்குச்சட்டி. நாயிடம் நேராகப் போகவில்லை. கயிறு எட்டும் தூரத்தைக் கண்ணால் அளந்து, அதற்கு இரண்டு அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இது எப்ப மாறிச்சு?"

"நேத்து சாயங்காலம். கொயந்த கைய நீட்டுச்சு, உடனே..."

"நேத்து சத்தம் போட்டுச்சு. அது தெரியும். மாறினது எப்ப?"

எத்திராஜ் யோசித்து யோசித்துச் சொன்னார்: நாலு மீன் மிஞ்சிய நாள், பாதி மிஞ்சிய நாள், படியில் முதலில் தடுமாறிய நாள். அவருக்கு எல்லாம் நினைவில் இருந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை. அவள் ஒவ்வொன்றையும் எழுதினாள்.

"வெறி ஊசி போட்டுகீதா?"

"அட்டை கீது." உள்ளே போய், படகுப் பத்திரம் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வந்தார். நாலு வருஷமும் தவறாமல் போட்டிருந்தது, கடைசி ஊசிக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நர்மதா அட்டையைப் பார்த்து அண்ணனைப் பார்த்தாள். "நல்ல வேல செஞ்ச" என்றாள். "ஆனாலும் கிட்ட போவாத. நானும் போவல."

அப்புறம் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்திராஜ் தன் ஆயுளில் பல பேர் பல காரியம் செய்வதைப் பார்த்திருக்கிறார். ஒருத்தி வெறுமனே பார்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். ஈயை ஓட்டவில்லை. போனை எடுக்கவில்லை. நாய் காதைத் திருப்பினால் அவள் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியது. கம்பால் தண்ணீர்ச் சட்டியைத் தள்ளிவிட்டாள். வஞ்சிரம் குடித்தது. எத்தனை மடக்கு என்று எண்ணினாள். தொண்டையில் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். எழுதினாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சட்டியைத் தள்ளினாள், மறுபடி எழுதினாள்.

பதினொரு மணிக்குக் குமாரவேல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நர்மதா, நாய்க்கும் பிளக்கு சொருவிட்டியா?"

"சொருவுற எடத்ததான் தேடிகினுகீறேன் மாமா. நெழல் வுழுது, கொஞ்சம் தள்ளி நில்லு."

நடுப்பகலில் சூரியன் நேராக நாயின் முகத்தில் அடித்தது. நர்மதா முக்காலியோடு முன்னால் சாய்ந்தாள். "அண்ணா, இங்க வா. அது கண்ணு மணிய பாரு."

"இன்னா?"

"இவ்ளோ வெய்யில்ல கண்ணு மணி சுருங்கணும். விரிஞ்சே கீது."

எத்திராஜ் பார்த்தார். பெரிய கறுப்பு வட்டங்கள். ஒன்றரை மாதமாகத் தினமும் இரண்டு வேளை அந்த முகத்தின் முன்னால் தட்டு வைத்த மனுஷன் அவர். இது அவர் கண்ணில் படவே இல்லை.

இரண்டு மணிக்கு அவள் பழவேற்காட்டுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணி, பேசு. நாய்கிட்ட பேசுற மாரி பேசு."

"இன்னாடி இது? ஏய் வஞ்சிரம், இன்னா கொயுப்பா உனுக்கு? துன்ன மாட்டியாம்?"

வஞ்சிரத்தின் காதுகள் நிமிர்ந்தன. வால் மண்ணைத் தட்டியது. எழுந்தது. குரல் வந்த திசையில் இரண்டு அடி வைத்தது, முன்னங்காலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கி வைத்தது, பின்பக்கம் ஒருக்களித்துச் சரிந்து விழுந்தது. விழுந்த பிறகும் வால் ஆடியது.

எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்மதா மட்டும் திருப்பவில்லை.

"அண்ணா, ஏக்கம்னா மனசு வராது. இதுக்கு மனசு வருது. காலுதான் வரல."

பிறகு போனில் அண்ணியிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். அரிசி எவ்வளவு, மீன் என்ன, எவ்வளவு நேரம் வேகும், எல்லாம். எழுதிக்கொண்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"நீ இன்னா போடுற?"

எத்திராஜுக்கு அந்தக் கேள்வி தெம்பு கொடுத்தது. "அத்த கேளு. பச்ச மத்தி. இப்ப புடிச்சா இப்பவே. ஒரு துண்டு ஐஸு வெக்க மாட்டேன். வேளைக்கி பதினஞ்சி. நாப்பத்தி ரெண்டு நாளா ஒரு வேள தப்பல."

"சோறு?"

"சோறு எதுக்கு, மீன் கீறப்போ?"

அவள் எழுதிய கை நின்றது. பக்கத்தை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள்.

"இன்னா கண்டுகினே?" என்றார் எத்திராஜ்.

"இன்னும் தெரியல. ஆனா இந்த வூட்ல மாறினது ரெண்டே ரெண்டு. அண்ணி போச்சு, அடுப்பு அணைஞ்சிச்சு. அண்ணி கொரலு கேட்டா வாலு ஆடுது, அப்ப அது இல்ல. மிச்சம் அடுப்புதான்." தூக்குச்சட்டியைத் திறந்து, கொண்டுவந்திருந்த கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றிக் கம்பால் தள்ளினாள். வஞ்சிரம் நாலு நக்கு நக்கிவிட்டுப் படுத்தது. நாலு என்று எழுதினாள். "காத்தால பத்து மணிக்குத்தான வண்டி? எட்டு மணிக்கு நாம டாக்டராண்ட போறோம். மீன் ஏத்துற பென்னியோட குட்டி யானை வண்டிய வரச் சொல்லு."

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அவள் எழுந்தாள். கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு மணி நேரம்.

மறுநாள் பென்னியின் வண்டி வந்தது. கை நிறையச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மெத்தென்ற துணியால் வாயைக் கட்டி, மீன் அள்ளும் பெரிய டப்பில் வஞ்சிரத்தைக் கிடத்தி ஏற்றினார்கள். குமாரவேலும் ஒரு கை பிடித்தார். "டாக்டரு வெறின்னு சொன்னா இட்டாந்துடக் கூடாது. அங்கியே வுட்டுடணும்" என்றார். எத்திராஜ் சரி என்றார்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் ஜஸீமா கையுறை மாட்டிக்கொண்டே, "என்ன ஆச்சு?" என்றார்.

"துன்ன மாட்டேங்குது" என்றார் எத்திராஜ்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று டாக்டர் சொல்லும்போதே நர்மதா நோட்டை நீட்டினாள். டாக்டர் முதலில் அலட்சியமாகத்தான் வாங்கினார். இரண்டாவது வரியில் நின்றார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தண்ணீர் எத்தனை மடக்கு, எந்தக் கால் முதலில் தடுமாறியது, வெயிலில் கண்மணி, குரல் கேட்டு வால் ஆட்டியது, முப்பத்தாறு நாள் சோறு இல்லாத பச்சை மத்தி, அப்புறம் மீனைத் தொடாத ஆறு நாள். கடைசிக்கு முந்தின வரியை விரலால் தொட்டார்.

"இது வேகவைக்காத மீனா? ஒரு நாள்கூட வேகவைக்கலையா?"

"பச்ச மீனுதாங்க. துடிக்கத் துடிக்க" என்றார் எத்திராஜ். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் ஊசி அட்டையைப் பார்த்தார். நாயின் கண்ணில் டார்ச் அடித்தார், கால் விரலை மடக்கிவிட்டு அது எவ்வளவு நேரத்தில் திருப்புகிறது என்று பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். மத்தி மாதிரி சில மீன்களில் ஒரு பொருள் இருக்கிறது. பச்சையாகத் தின்றால் அது பி-ஒன் என்கிற விட்டமினைத் தின்று தீர்த்துவிடும். எப்போதோ ஒரு மீன் என்றால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் அதையே தின்றால் முதலில் பசி போகும், பிறகு கால் போகும், தலை தொங்கும், கண் மாறும், கடைசியில் வலிப்பு வரும். வலியிலும் குழப்பத்திலும் எந்த நாயும் பல்லைக் காட்டும்.

"ஐஸ்ல வெச்சா அது செத்துடாதுங்களா?" என்று கேட்டாள் நர்மதா.

"சாகாது. எவ்வளவு குளிரிலும் அப்படியே இருக்கும். வெந்தாத்தான் போகும்."

மைனஸ் பதினெட்டை நம்பிப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் அதைக் கேட்டுக் கண்ணை அகல விரித்தாள். "குளிருக்கு அடங்காத ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இதுதான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். "ஊசி போடறேன். இதுதான்னா ஒரு நாளில் தெரியும். ஆனா பத்து நாள் கட்டித்தான் வைக்கணும். குழந்தைங்க கிட்ட வரக் கூடாது. வண்டிக்காரங்ககிட்ட நானே பேசறேன்." பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல், "இந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கவா? இங்க படிக்க வர்ற பசங்களுக்குக் காட்டணும்" என்று கேட்டார்.

நர்மதா கூச்சத்தோடு, "எயுத்து கோணலா கீதுங்க" என்றாள்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால், டப்புக்குப் பக்கத்தில் எத்திராஜ் குந்தியிருந்தார். டோல்கேட் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் பேச்சு வந்தது.

"நான்தான் கெடுத்தேன். என் கையாலயே அடுக்கி அடுக்கி வெச்சேன்."

"நீ ஆசையா வெச்ச. அதுவும் நம்பி துன்னுச்சு" என்றாள் நர்மதா. "இப்ப அரிசி எவ்ளோ போடணும்னு கேளு, அத்த சொல்றேன்."

அன்று மத்தியானம் அவள் ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். எத்திராஜ் நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு அடுப்பு மூட்டினார். அரிசி இரண்டு பிடி, தோல் உரித்த கோழி ஒரு துண்டு, துளி மஞ்சள். வஞ்சிரம் இரண்டு வாய் மட்டும் தின்றது. சாயங்காலம் அதைவிடக் கொஞ்சம் கூட. குமாரவேல் சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எத்திராஜ் கடலுக்குப் போகவில்லை. விடிந்து வெளிச்சம் பரவியபோது அடுப்பில் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ அசைந்தது போலிருந்து திரும்பினார். வலைக் குவியலுக்குப் பக்கத்தில் வஞ்சிரம் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. மூக்கு அடுப்பை நோக்கி ஆடியது. நேற்று டப்பில் துணிமூட்டை மாதிரிக் கிடந்தது இதுதானா என்று அவருக்குத் தோன்றியது. உடம்பு சிலிர்த்து, கை தானாகக் குவிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குமாரவேலின் குரல்: "மாமு... நிக்குது. இன்னா மாமு இது, நிக்குது!"

எத்திராஜ் போனை எடுத்தார். யார்டில் விசிறிகள் இரைகிற சத்தத்துக்கு நடுவில் நர்மதா, "சொல்லுண்ணா" என்றாள்.

"எயுந்துகிச்சு" என்றார்.

விசிறிச் சத்தத்தோடு மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பிறகு அவளுடைய வழக்கமான குரல்.

"எத்தினி மணிக்கு?"

"ஆறு பத்துக்கு."

"நடக்குதா?"

"இப்பத்தான் நகருது."

"வுழாம எத்தினி அடி வெக்குதுன்னு எண்ணு."

எத்திராஜ் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வஞ்சிரம் காலை மெல்ல, யோசித்து யோசித்து வைத்தது. ஏழாவதில் கொஞ்சம் ஆடி நின்றது. குமாரவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். எட்டு, ஒன்பது. கயிறு இழுத்துப் பிடிக்கும் தூரம் வரைக்கும் வந்து, நிமிர்ந்து எத்திராஜின் முகத்தைப் பார்த்தது.

"எத்தினிண்ணா?"

"தெரியலம்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி. "திரும்பிப் போறப்போ மொதல்லேந்து எண்ணுறேன்."